எல்எஸ் வி8 + 4எல்60இ: ஒய்ஜே-க்கு எந்த டிரான்ஸ்ஃபர் கேஸ்?

கல்பாதை:
வண்டி 1993 ஜீப் ரேங்லர் ஒய்ஜே. 4.0 இன்ஜினும் ஏஎக்ஸ்15 மேனுவல் கியர்பாக்ஸும் வெளியே போகின்றன. ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஒன்றிலிருந்து எடுத்த ஜிஎம் 5.3 வி8 (எல்எஸ் குடும்பம்), 4எல்60இ ஆட்டோ கியர்பாக்ஸோடு உள்ளே வருகிறது. வண்டியில் இப்போது இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) என்பி231. பிக்கப்பின் என்பி246-ம் கையில் இருக்கிறது. பழைய ஜிஎம் வண்டியின் என்பி205 ஒன்றும் கிடைக்கும். முழு இரும்பு, கியர் டிரைவ், உடையவே உடையாது என்கிறார்கள். ஆக்சில் விகிதம் 4.10, டயர் 33 அங்குலம். மூன்றில் எதைப் போடுவது? வி8 முறுக்குவிசைக்கு 231 தாங்குமா?

ஸ்ப்லைன்27:
முதலில் 205-ஐ மறந்துவிடுங்கள். பலத்தில் குறையே இல்லை, ஆனால் ஜிஎம் 205-ல் முன் அவுட்புட் (முன் ஆக்சிலுக்கு விசை வெளியேறும் இடம்) வலதுபக்கம். ஒய்ஜே-யின் முன் டிஃபரன்ஷியல் இடதுபக்கம். பக்கம் மாறினால் முன் ஆக்சிலையே மாற்ற வேண்டிவரும். (பக்கத்தை எப்போதும் வண்டி நோக்கும் திசையில் இடது, வலது என்றே கேளுங்கள். "டிரைவர் பக்கம்" என்று கேட்டு வாங்கினால், ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருக்கும் ஊர்க்காரர் விற்கிறார் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறிவிடும்.) போதாததற்கு அதன் லோ விகிதம் (வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்கும் கியர்) 1.96 மட்டும்தான், 231-ல் 2.72.

246-ல் பக்கம் சரி, 27 ஸ்ப்லைன் (ஷாஃப்டில் வெட்டிய பற்கள்) சரி, உங்கள் கியர்பாக்ஸில் நேராக உட்காரும். ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அது மோட்டார் வைத்து ஷிஃப்ட் ஆகும் வகை. தனி கன்ட்ரோல் மாட்யூல், வயரிங், சுவிட்ச் எல்லாம் கூடவே வேண்டும். உள்ளே இருக்கும் ஆயில் பம்ப் அதிர்ந்து அதிர்ந்து பின்பக்கக் கேஸின் உட்சுவரைத் தேய்த்து ஊசித்துளை போட்டுவிடும். இது அந்தக் குடும்பத்துக்கே உள்ள நோய். ஆயில் மெல்லக் கசிந்து தீர்ந்த பிறகுதான் சத்தம் கேட்கும். இதையெல்லாம் சமாளித்தாலும் நீளம் இடிக்கும். ஒய்ஜே-யின் வீல்பேஸ் 93.4 அங்குலம்தான். 246-ன் நீண்ட வாலுக்குப் பிறகு பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு இடமே மிஞ்சாது. கோணம் செங்குத்தாகி ஜாயின்ட் கிராஸ் அடிக்கடி போகும்.

ஆக 231-தான். அதைக் கியர்பாக்ஸோடு சேர்க்கும் வேலையில்தான் கவனம் வேண்டும்.

கேஸ்_பிரிப்பவன்:
மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். சேர்க்கும் வேலையை நான் விரிக்கிறேன்.

ஏஎக்ஸ்15 பின்னால் இருந்த 231-ல் இன்புட் 23 ஸ்ப்லைன். 4எல்60இ-யின் ஃபோர் வீல் டிரைவ் அவுட்புட் 27. இரண்டு வழி உண்டு. ஒன்று, 27-ஐ 23 ஆக்கும் கப்ளர் ஷாஃப்டோடு வரும் அடாப்டர். கேஸைத் திறக்க வேண்டாம், ஆனால் நீளம் கூடும். மற்றது, கேஸைப் பிரித்து ஜிஎம் 231-ன் 27 ஸ்ப்லைன் இன்புட் கியரை உள்ளே போடுவது. குட்டை வீல்பேஸுக்கு இதுதான் என் தேர்வு.

இன்புட் கியர் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். பிளானட்டரியோடு (லோ விகிதத்தைத் தரும் கியர்த் தொகுதி) சேரும் பற்கள் ஒரே வெட்டா என்று பழைய கியரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. இன்புட் பேரிங்கில் அகலமானதும் குறுகியதும் உண்டு, கியரும் பேரிங்கும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். மூன்றாவது, இன்புட் கியர் கேஸ் முகத்திலிருந்து எவ்வளவு வெளியே நீள்கிறது என்பது. நீளம் கூடினால் போல்ட் இறுக்கும்போது அவுட்புட் ஷாஃப்டை முன்னால் தள்ளி கியர்பாக்ஸைக் கெடுக்கும். குறைந்தால் ஸ்ப்லைன் பாதிதான் பிடிக்கும், தேய்ந்து வழுகும். இரண்டு முகங்களும் கையாலேயே முழுதாக ஒட்ட வேண்டும். போல்ட்டை வைத்து இழுத்து ஒட்டவைக்கும் நிலை வந்தால் நிறுத்திவிடுங்கள், உள்ளே ஏதோ முட்டுகிறது.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. கேஸை மையப்படுத்துவது ஆறு போல்ட்டுகள் அல்ல, அடாப்டரில் கடைந்திருக்கும் வட்ட விளிம்பு. அந்த விளிம்பு தளர்வாக இருந்தால் கேஸ் மயிரிழை கீழே இறங்கி உட்காரும். பின்சீல் திரும்பத் திரும்பக் கசியும், இன்புட் பேரிங் ஊளையிடும். டயல் கேஜ் வைத்து விளிம்பைச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

கேஸ் திறந்திருக்கும்போதே ஸ்லிப் யோக் எலிமினேட்டர் கிட்டையும் (பின் ஷாஃப்டின் வழுக்கும் இணைப்பை நீக்கி நிலையான இணைப்பாக்கும் பாகங்கள்) போட்டுவிடுங்கள். வால் சில அங்குலம் குட்டையாகும், அவுட்புட் ஷாஃப்டும் தடிமனான 32 ஸ்ப்லைனாக மாறும். கேஸின் இரு பாதிகளுக்கும் நடுவே கேஸ்கட் கிடையாது, ஆர்டிவி சீலன்ட்தான். ஆயில் ஏடிஎஃப் (ஆட்டோ கியர்பாக்ஸ் ஆயில்), சுமார் ஒரு லிட்டர். ஓட்டிய பிறகு லெவல் தானாக ஏறியிருந்தால் கியர்பாக்ஸ் பின்சீல் போய் அந்த ஆயில் கேஸுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம்.

கல்பாதை:
நன்றி அண்ணே. பலம் பற்றி யாரும் சொல்லவில்லையே? லோ விகிதம் 4 உள்ள, ஜீப் ரூபிகான் மாடலின் கேஸ் போடலாமா என்றும் ஒரு யோசனை.

ஸ்ப்லைன்27:
கணக்குப் போட்டுப் பாருங்கள். 5.3-ன் முறுக்குவிசை சுமார் 454 நியூட்டன் மீட்டர். முதல் கியர் 3.06, லோ 2.72. பெருக்கினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு 3,780 போகிறது. டார்க் கன்வெர்ட்டர் நின்ற இடத்தில் அதையும் கிட்டத்தட்ட இரட்டிக்கும். லோ விகிதத்தை 4 ஆக்கினால் 3,780 என்பது 5,560 ஆகும். பின்னால் இன்னும் டானா 35 ஆக்சில் இருந்தால் 231-க்கு முன்பே அதுதான் போகும். காசு இருந்தால் முதலில் ஆக்சிலுக்குச் செலவழியுங்கள். 231-க்கு ஆறு பினியன் பிளானட்டரி போட்டால் இந்தப் பயன்பாட்டுக்குப் போதும்.

க்ரால் விகிதம் (முதல் கியர், லோ, ஆக்சில் மூன்றின் பெருக்கல்) 3.06 × 2.72 × 4.10 = 34. ஏஎக்ஸ்15-ல் 42.7 இருந்தது, குறைவாகத் தோன்றும். ஆனால் ஆட்டோவில் கன்வெர்ட்டர் அந்த இடைவெளியை நிரப்பிவிடும். ரூபிகான் கேஸில் 50 வரும். அதுவும் இடதுபக்கம்தான், இன்புட் 23 ஸ்ப்லைன். பாறைதான் முழுநேர வேலை என்றால் யோசியுங்கள், மணலுக்கும் சேற்றுக்கும் 2.72-தான் நல்லது. அங்கே சக்கரம் வேகமாகச் சுற்ற வேண்டும்.

வயர்_ஹார்னஸ்:
ஸ்பீட் சென்சாரை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். உங்கள் பிக்கப்பில் அது டிரான்ஸ்ஃபர் கேஸ் வாலில் இருந்தது. 246 போனால் சென்சாரும் போய்விடும். அவுட்புட் வேகம் தெரியாமல் ஜிஎம் கம்ப்யூட்டர் 4எல்60இ-யை ஒழுங்காக ஷிஃப்ட் செய்யாது. 40 பல் ரிலக்டர் வளையமும் (சென்சார் வேகத்தைப் படிக்கும் பல்வளையம்) சென்சார் துளையும் உள்ள அடாப்டராகவே வாங்குங்கள்.

அடாப்டரில் சென்சார் வைத்தால் அது கேஸுக்கு முன்னாலேயே வேகத்தைப் படிக்கும். லோவில் போட்டாலும் ஷிஃப்ட் சரியாக வரும், கம்ப்யூட்டர் கணக்கிடும் வண்டி வேகம் மட்டும் 2.72 மடங்கு கூடுதலாகக் காட்டும். ஒய்ஜே-யின் ஸ்பீடோமீட்டர் சென்சார் 231 வாலிலேயே இருக்கட்டும், அது சரியாகக் காட்டும்.

கேஸ்_பிரிப்பவன்:
கடைசியாக வரிசை. ஆறு போல்ட் வட்டம் ஒத்துப்போனாலும் கேஸ் சாயும் கோணம் ஜிஎம்-மில் வேறு, ஜீப்பில் வேறு. கோணத்தை மாற்ற க்ளாக்கிங் ரிங் தேவைப்படலாம். இன்ஜின் மவுண்டை வெல்டிங் வைப்பதற்கு முன்பே கேஸை மாட்டி, முன் ஷாஃப்டுக்குப் பதில் அதே தடிமனில் ஒரு பைப்பை வைத்து, இடது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, கியர்பாக்ஸ் ஆயில் பேன் இரண்டிலும் இடைவெளி பாருங்கள். எல்எஸ்-ல் ஸ்டார்ட்டர் வலதுபக்கம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. இடம் போதாவிட்டால் இன்ஜினை ஓர் அங்குலம் வரை வலப்பக்கம் நகர்த்துங்கள். சஸ்பென்ஷனை முழுதாக அமுக்கியும் முழுதாகத் தொங்கவிட்டும் இரண்டு முறை அளந்த பிறகே ஷாஃப்டுக்கு ஆர்டர் கொடுங்கள்.