ரோல் கேஜ் போட்ட பிறகு பின்பக்கம் நிற்கவில்லை, உதவி தேவை

எட்டாம்வளைவு
அவசரம். ட்ராக் காருக்கு ரோல் கேஜ் (கார் உருண்டாலும் நசுங்காமலிருக்க உள்ளே கட்டும் குழாய்க் கூண்டு) போட்டாயிற்று. அதற்கு முன்னால் கார் சொன்னபடி கேட்டது. இப்போது வேகமான வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தாலே பின்பக்கம் வெளியே பாய்கிறது. வேறு எதையும் தொடவில்லை. அடுத்த முறை ட்ராக்குக்குப் போவதற்குள் சரி செய்தாக வேண்டும். எதை மாற்றட்டும்?

நட்டுபோல்ட்டு
என்ன கார்? இழுவை முன்சக்கரமா, பின்சக்கரமா? கேஜ் போல்ட்டில் நிற்கிறதா, வெல்டிங்கா? சஸ்பென்ஷனில் என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள்? இதெல்லாம் சொல்லாவிட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

காத்தடிப்பவன்
டயர் பிரஷர். யார் என்ன பிரச்சினை சொன்னாலும் என் முதல் கேள்வி இதுதான். ஓடி முடித்து உள்ளே வந்ததும் சூட்டோடு அளந்தீர்களா? ஆற வைத்து அளந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

எட்டாம்வளைவு
ஹேட்ச்பேக். வெல்டிங் கேஜ். டயர் பழையதேதான்.

நட்டுபோல்ட்டு
நாலு கேள்வி கேட்டால் ஒன்றரை பதில் வருகிறது. ஹேட்ச்பேக் என்றால் முன்சக்கர இழுவை என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

பழையகார்புரேட்டர்
தம்பி, இதையெல்லாம் நாங்கள் எப்போதோ பேசி முடித்துவிட்டோம். கேஜ் உயிரைக் காப்பாற்றப் போடுவது, ஹேண்ட்லிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாற்பது கிலோ குழாயைக் கூரைக்கு அடியில் ஏற்றினால் ஈர்ப்பு மையம் மேலே போகும், கார் கூடுதலாகச் சாயும், அவ்வளவுதான். வளைவின் நடுவில் காலை எடுப்பது யார் செய்கிற வேலை? முதலில் ஓட்டுவதைச் சரி செய்யுங்கள், காரை அப்புறம் பார்க்கலாம்.

ஸ்பேனர்13
ஈர்ப்பு மையம் எவ்வளவு மேலே போகும் என்று கணக்குப் போட்டுவிடலாமே. கார் 1100 கிலோ, மையம் தரையிலிருந்து 500 மிமீ என்று வைப்போம். கேஜ் 40 கிலோ, அதன் மையம் 850 மிமீ. இரண்டையும் சேர்த்தால் புது மையம் 512 மிமீ. வெறும் 12 மிமீ ஏற்றம். நல்லதில்லைதான், ஆனால் அது முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்தே பாரத்தை மாற்றும். பின்பக்கம் மட்டும் திடீரென்று கைவிடுவதற்கு அது போதாது.

எட்டாம்வளைவு, ஒன்று மட்டும் சொல்லுங்கள். பின்னால் ஆன்டி-ரோல் பார், அதாவது வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் கம்பி, மாற்றியிருக்கிறீர்களா? பிரச்சினை இரண்டு பக்க வளைவிலும் ஒரே மாதிரியா?

எட்டாம்வளைவு
பார் போன சீசனிலேயே மாற்றியது. மூன்று துளை, அதிக விறைப்பில் இருக்கிறது. முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டே போனதால் அப்படி வைத்தேன், நன்றாக வேலை செய்தது. கேஜ் போடும்போது கழற்றி மாட்டினார்கள், அதே துளையில்தான். பின் சீட், கார்ப்பெட், கதவு அட்டை எல்லாம் எடுத்துவிட்டோம். ஆனால் அது எடைக் குறைப்புதானே. வலது வளைவில் பிரச்சினை அதிகம்.

நட்டுபோல்ட்டு
"வேறு எதையும் தொடவில்லை"!

ஸ்பேனர்13
இப்போது பேசலாம்.

கேஜ் போடுவதற்கு முன்னால் உங்கள் காரின் கூடே, அதாவது பாடியே, ஒரு ஸ்பிரிங் மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. முன் சஸ்பென்ஷன், கூடு, பின் சஸ்பென்ஷன் மூன்றும் வரிசையாகக் கோத்தவை. நடுவில் இருப்பது தளர்ந்திருந்தால் பின் பாரை எவ்வளவு விறைப்பாக வைத்தாலும் அதன் வேலையில் ஒரு பங்கு கூட்டை முறுக்குவதிலேயே போய்விடும். அந்தத் தளர்ச்சியோடு சேர்த்துத்தான் உங்களுக்கு அதிக விறைப்புத் துளை சரியாக இருந்தது. வெல்டிங் கேஜ் வந்ததும் நடுவில் இருந்த தளர்ச்சி போய்விட்டது, அதே பார் முழு வேலையைச் செய்கிறது.

எண்ணில் பார்ப்போம். எல்லாம் எளிமைக்காக எடுத்துக்கொண்டவை. சாய்வை எதிர்க்கும் விறைப்பு முன்னால் டிகிரிக்கு 1000 நியூட்டன் மீட்டர், பின்னால் 2000. எடையில் 60 சதவீதம் முன்னால். கூட்டின் முறுக்கு விறைப்பு 3000 என்றால் சாய்க்கும் விசையில் பின் அச்சு சுமப்பது 62 சதவீதம். கூடு 10,000 ஆனால் 65. முறுக்கவே முறுக்காத கூடு என்றால் 67. எந்தத் துளையையும் மாற்றாமலே பின்பக்கத்தின் பங்கு ஏறிவிட்டது. வெளிப்பக்கப் பின் டயருக்கு அதிகப் பாரம், உள்பக்கத்துக்குக் குறைவு, இரண்டும் சேர்ந்து தரும் பிடி குறைகிறது. அந்த நேரத்தில் காலை எடுத்தால் பாரம் முன்னால் ஓடும். மிச்சம் இருந்த பிடியும் போகும்.

பழையகார்புரேட்டர்
மூன்று சதவீதத்துக்கு இவ்வளவு பெரிய உரையா?

ஸ்பேனர்13
மென்மையான சாதாரண ஸ்பிரிங் என்றால் ஒரு சதவீதம்கூட வராது, ஒத்துக்கொள்கிறேன். சஸ்பென்ஷன் விறைக்க விறைக்கத்தான் கூட்டின் தளர்ச்சி தெரியும். ஆனால் இவர் ஏற்கெனவே விளிம்பில் வைத்து ஓட்டியிருக்கிறார். அதோடு பின் சீட்டையும் எடுத்துவிட்டார். பின்பக்கம் லேசாகி எழும்பியிருக்கும். பின் சஸ்பென்ஷன் மல்டிலிங்க் (ஒவ்வொரு சக்கரத்தையும் பல கைகள் பிடித்திருக்கும் வகை) என்றால் உயரம் மாறும்போது டோவும், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணமும், மாறும். சொட்டுச் சொட்டாகச் சேர்ந்ததுதான் இது.

காத்தடிப்பவன்
பின் எடை குறைந்தால் பின் டயர் சூடேறாது, பிரஷரும் ஏறாது. நான் சொன்னதற்குத்தான் வருகிறீர்கள்.

குழாய்வளைப்பான்
ஒரு சின்ன விஷயம். குரோமோலியில் (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) செய்திருந்தால் இன்னும் விறைப்பாக இருந்திருக்கும், எடையும் குறைந்திருக்கும்.

ஸ்பேனர்13
எடை குறையும். விறைப்பு கூடாது. சாதாரண இரும்பானாலும் 4130 என்ற குரோமோலி ஆனாலும் மீள்குணகம், அதாவது நெளிவதை எதிர்க்கும் அளவு, கிட்டத்தட்ட 205 ஜிகாபாஸ்கல்தான். குரோமோலியின் பலம் அதிகம், அதாவது வளைந்து அப்படியே நின்றுவிடுவதற்கு அதிக விசை வேண்டும். அதற்கு முன்னால் எவ்வளவு நெளியும் என்பது இரண்டிலும் ஒன்றே.

பழையகார்புரேட்டர்
ரேஸ் கார்களில் குரோமோலி போடுகிறவர்கள் எல்லாம் முட்டாள்களா? நான் கையால் தட்டிப் பார்த்தவன். சத்தமே வேறு.

குழாய்வளைப்பான்
அதேதான். பலம் அதிகம் என்பதால் மெல்லிய குழாய் போதும்.

நட்டுபோல்ட்டு
மெல்லிய குழாய் போட்டால் விறைப்பு குறையும், கூடாது! 40 மிமீ குழாயின் சுவர் 2 மிமீயிலிருந்து 1.5 ஆனால் மீட்டருக்கு 1.87 கிலோ 1.42 ஆகும். எடையில் கால்வாசி மிச்சம். முக்கோணமாகக் கட்டிய கேஜில் குழாய்கள் இழுபட்டும் அமுங்கியும்தான் வேலை செய்கின்றன, அதனால் விறைப்பிலும் அதே கால்வாசி போகும். போட்டி விதி இருந்தால் அந்த 1.5 செல்லுமா என்பது வேறு கேள்வி. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் இணைப்பு ஜே, 253ஆம் விதி பிரதான ஹூப்புக்கு (ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவுக் குழாய்) கேட்பது 45 மிமீ குழாய்க்கு 2.5 மிமீ சுவர் அல்லது 50க்கு 2.0. மற்ற குழாய்களுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2.0. அதுவும் கலப்பில்லாத கார்பன் இரும்பு.

பழையகார்புரேட்டர்
விதியை மனப்பாடம் செய்தவருக்கு ட்ராக்கில் எத்தனை நொடி குறைந்தது?

ஸ்பேனர்13
குழாய்ச் சண்டையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம்வளைவு, வலது வளைவில் அதிகம் என்றீர்களே, என்னை உறுத்துவது அதுதான். விறைப்பு மட்டும் காரணம் என்றால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வெல்டிங் சூட்டில் உலோகம் சுருங்கி முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் டாம்பரும் சேர்ந்த கால்) மேல்தளம் ஒரு பக்கம் இழுபட்டிருக்கலாம். முன் கேம்பர், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணம், இரண்டு பக்கமும் சமமா என்று அளந்துவிடுங்கள். பின் டோவும். அடுத்தது நாலு சக்கரத்தின் எடை. கயிற்றுக் கட்டில் மேடுபள்ளத்துக்கு வளைந்து கொடுக்கும், கனத்த மரமேசையில் ஒரு கால் குட்டையென்றால் ஆடும். பழைய கூடு மறைத்துவைத்திருந்த எடை வித்தியாசத்தைக் கேஜ் போட்ட கூடு மறைக்காது. வலது முன், இடது பின் என்ற மூலைவிட்டத்தில் எடை கூடியிருந்தால் வலது வளைவில் ஓவர்ஸ்டீர் (பின்பக்கம் வெளியே போவது), இடது வளைவில் அண்டர்ஸ்டீர் (முன்பக்கம் வெளியே தள்ளுவது).

தராசு கிடைப்பதற்கு முன்னால் காசில்லாமல் ஒன்று பார்க்கலாம். சமதரையில் காரை நாலு சக்கரத்திலும் நிற்க வையுங்கள், ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஆள் உட்காரட்டும். பின் பாரின் நுனியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ஒன்றைக் கழற்றுங்கள். போல்ட் கையால் தள்ளினாலே வெளியே வர வேண்டும். அடித்துத்தான் வருகிறது என்றால் பார் நிற்கும்போதே முறுக்கோடு இருக்கிறது. காரைத் தூக்கிவைத்து, ஒரு சக்கரம் மட்டும் தொங்கும்போது மாட்டியிருப்பார்கள். நீளம் மாற்றக்கூடிய லிங்க் என்றால் போல்ட் தானாகப் போகும் அளவுக்குத் திருகி மாட்டுங்கள்.

துளையையும் ஒரே ஒரு படி இறக்குங்கள். பார் மடங்கும் இடத்துக்குப் பக்கத்துத் துளைதான் விறைப்பு, பாரின் நுனிப் பக்கத் துளை மென்மை. பெயரை வைத்துக் குழம்ப வேண்டாம்.

காத்தடிப்பவன்
பிரஷரையும் எழுதி வையுங்கள். இரண்டு நிமிட வேலை.

எட்டாம்வளைவு
பார்த்தாயிற்று. லிங்க் போல்ட்டைச் சுத்தியலால் தட்டித்தான் எடுத்தோம். நீளம் சரி செய்து, நடுத்துளைக்கு மாற்றி ஓட்டினேன். காலை எடுத்தால் இப்போது பின்பக்கம் மெதுவாகத்தான் நகர்கிறது, பிடித்துவிடலாம். இடது வளைவில் இன்னும் முன்பக்கம் தள்ளுகிறது. எல்லோருக்கும் நன்றி.

ஸ்பேனர்13
இடது வளைவில் தள்ளுகிறது என்றால் அந்த மூலைவிட்டம் இன்னும் கனம். லிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, நீங்கள் இருக்கையில் இருக்க, டாங்க் பாதியளவில் நாலு சக்கரத்தையும் எடை போடுங்கள். இரண்டு மூலைவிட்டமும் பாதிப் பாதி வந்த பிறகு லிங்கை மாட்டுங்கள். கேம்பர் எவ்வளவு வந்தது?

நட்டுபோல்ட்டு
தலைக்குப் பக்கத்துக் குழாய்களுக்குப் பேடிங் சுற்றினீர்களா? சாதாரண குழாய் நுரை இல்லை, கேஜுக்கென்றே வரும் கெட்டியானது. ஹெல்மெட் இல்லாமல் அந்தக் காரைத் தெருவில் எடுக்காதீர்கள்.

குழாய்வளைப்பான்
பழையகார்புரேட்டர், 50க்கு 2.0, 45க்கு 2.5 இரண்டில் எது விறைப்பு அதிகம் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

பழையகார்புரேட்டர்
தட்டிப் பார்த்தால் தெரியும்.