ஸ்டிமாக்கின் ஐந்து வருடம்: 2023-ஐ வைத்து எடை போடுவதா, கவுஹாத்தியை வைத்தா?

மைதானக்கோடு (கேள்வி)

இகோர் ஸ்டிமாக் இந்தியக் கால்பந்து அணியின் கோச்சாக 2019 மே மாதம் வந்தார், 2024 ஜூன் 17-ல் நீக்கப்பட்டார். 53 ஆட்டம்: 19 வெற்றி, 14 டிரா, 20 தோல்வி. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் வாதாடலாம். தெற்காசிய அணிகளுக்கான சாஃப் கோப்பை இரண்டு (2021, 2023), 2023-ல் இம்பால் முத்தரப்புத் தொடர், புவனேஸ்வர் இன்டர்கான்டினென்டல் கோப்பை, அந்த ஜூலையில் ஃபிஃபா தரவரிசையில் 99-ஆவது இடம். அடுத்த ஒரு வருடத்துக்குள் ஆசியக் கோப்பையில் ஒரு கோல்கூட இல்லாமல் மூன்று தோல்வி, கவுஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வெளியேற்றம்.

அவருக்குப் பின் கோச்சாக வந்த மனோலோ மார்க்கேஸ் 8 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றியோடு விடைபெற்றார். காலித் ஜமீல் வந்த பிறகு 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பும் போய்விட்டது. அதனால் "ஸ்டிமாக் காலமே தேவலாம்" என்ற பேச்சு இப்போது பலமாகக் கேட்கிறது. இது சரியா? கோப்பைகளை எண்ணாமல், ஆட்டங்களைப் பிரித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

நாலாவதுநடுவர்

தேசிய அணிக் கோச்சை எடை போடும்போது முதலில் தகுதிச் சுற்று, ஆசியக் கோப்பை ஆட்டங்களை ஒரு பக்கமும் மற்ற எல்லாவற்றையும் இன்னொரு பக்கமும் ஒதுக்குங்கள். ஸ்டிமாக் விஷயத்தில் இப்படிப் பிரித்தாலே படம் தெளிவாகிவிடும்.

2023-ல் நாம் கொண்டாடிய ஓட்டம் 11 ஆட்டம். மியான்மர் 1-0, கிர்கிஸ்தான் 2-0, மங்கோலியா 2-0, வனுவாட்டு 1-0, லெபனான் 0-0, மீண்டும் லெபனான் 2-0, பாகிஸ்தான் 4-0, நேபாளம் 2-0, குவைத் 1-1, லெபனான் 0-0 (பெனால்டியில் வெற்றி), குவைத் 1-1 (பெனால்டியில் வெற்றி). அடித்தது 16, வாங்கியது 2. அந்த இரண்டில் ஒன்று அன்வர் அலியின் சேம் சைடு கோல். முதல் 8 ஆட்டமும் க்ளீன் ஷீட், அதாவது ஒரு கோலும் வாங்கவில்லை. இதைச் சாதாரணமாக ஒதுக்கக் கூடாது. லெபனானும் குவைத்தும் உடல் பலத்தில் நம்மை வழக்கமாக நெருக்குகிற அணிகள். ஆனால் 11 ஆட்டமும் இம்பால், புவனேஸ்வர், பெங்களூருவில் நடந்தவை.

இனி மறுபக்கம். 2022, 2026 உலகக் கோப்பைகளுக்கான தகுதிச் சுற்றுகளில் அவர் மொத்தம் 14 ஆட்டம் பார்த்தார். வெற்றி இரண்டே இரண்டு: 2021 ஜூனில் தோஹாவில் வங்கதேசத்துடன் 2-0, 2023 நவம்பரில் குவைத்தில் குவைத்துடன் 1-0. மீதி 6 டிரா, 6 தோல்வி. இந்திய மண்ணில் நடந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்களை மட்டும் எடுங்கள்: ஓமன் 1-2, வங்கதேசம் 1-1, கத்தார் 0-3, ஆப்கானிஸ்தான் 1-2, குவைத் 0-0. ஐந்தில் ஒன்றுகூட வெற்றி இல்லை. அதே ரசிகர்கள், கிட்டத்தட்ட அதே வீரர்கள். 2023 தொடர்களில் சொந்த மண்ணில் அசைக்க முடியாத அணி, உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் சொந்த மண்ணிலேயே திணறியது. எனக்கு ஸ்டிமாக் காலம் என்றால் இந்த முரண்தான்.

காரணம் மர்மம் ஒன்றுமில்லை. 2023 மே நடுவில் புவனேஸ்வரில் கூடிய முகாம், ஜூலை 4 சாஃப் இறுதி ஆட்டம் வரை ஏறக்குறைய ஏழு வாரம் ஒன்றாகவே இருந்தது. கிளப் லீக்கான ஐ.எஸ்.எல். முடிந்துவிட்டதால் கிளப் ஆட்டத்தின் களைப்பும் இல்லை. முன்னால் ஓடிப்போய் நெருக்கும் ஹை பிரெஸ் ஆட்டத்துக்கு இது அடிப்படைத் தேவை: ஃபார்வர்ட் நெருக்கும் அதே நொடியில் மிட்ஃபீல்ட் பத்து மீட்டர் மேலே வர வேண்டும், சென்டர் பேக் இருவரும் அந்த இடைவெளியை மூட வேண்டும். ஒருவர் ஒரு நொடி பிந்தினாலும் எதிரணி ஒரே பாஸில் நடுவைத் தாண்டிவிடும். ஜிங்கன், அன்வர் அலி, முன்னால் ஜீக்சன் என்ற முக்கோணத்துக்கு இது மனப்பாடம் ஆகியிருந்தது. தகுதிச் சுற்றில் கிடைப்பது ஃபிஃபா ஜன்னல், கிளப்கள் வீரர்களைத் தேசிய அணிக்கு விடும் இடைவெளி, அதாவது திங்கள் முதல் அடுத்த வாரம் செவ்வாய் வரை ஒன்பது நாள், அதற்குள் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்துக்கு முன் முழு வேகப் பயிற்சி இரண்டோ மூன்றோதான் சாத்தியம்.

என் குறை இங்கேதான். ஏழு வாரம் கிடைத்தால் மட்டும் ஓடும் ஆட்டமுறையை, மூன்று நாளில் ஓட்டக்கூடிய எளிய முறையாகச் சுருக்கி வைத்திருக்க வேண்டியது கோச்சின் வேலை. எல்லாத் தேசிய அணிக்கும் அதே ஒன்பது நாள்தானே.

பெனால்டிபாக்ஸ்

99-ஆவது இடம் பற்றி ஒன்று. அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நாலாவதுநடுவர் சொன்ன முரண் எண்ணாகவே தெரியும்.

2018 ஆகஸ்டிலிருந்து ஃபிஃபா முறை இது: ஆட்டத்தின் எடை × (கிடைத்த முடிவு − எதிர்பார்த்த முடிவு). வெற்றி 1, டிரா 0.5, தோல்வி 0. பெனால்டி ஷூட்அவுட் வெற்றி 0.75. எடை என்பது நட்பு ஆட்டத்துக்கு ஜன்னலுக்குள் 10, வெளியே 5. தகுதிச் சுற்றுக்கு 25. ஆசியக் கோப்பை குரூப் ஆட்டத்துக்கு 35. எதிர்பார்ப்பு, இரு அணிகளின் புள்ளி வித்தியாசத்தை 600-ஆல் வகுத்து வருவது.

நம்மைவிட 150 புள்ளி குறைந்த அணி என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்ப்பு சுமார் 0.64. நட்பு ஆட்டத்தில் ஜெயித்தால் 10 × 0.36, அதாவது 3.6 புள்ளி கிடைக்கும். அதே அணியோடு தகுதிச் சுற்றில் டிரா செய்தால் 3.5 போகும், தோற்றால் 16 போகும். ஆக ஒரு டிராவும் ஒரு தோல்வியும் சேர்ந்து, ஐந்து நட்பு வெற்றியில் சேர்த்ததை மொத்தமாகத் துடைத்துவிடும். 2024 மார்ச்சில் ஆப்கானிஸ்தானோடு நடந்தது அதுதான்: சவூதியின் அபாவில் 0-0, ஐந்து நாள் கழித்து கவுஹாத்தியில் 1-2. ஆசியக் கோப்பை முடிந்ததுமே 102-லிருந்து 117-க்கு விழுந்திருந்தோம். அங்கே எடை 35, மூன்றும் தோல்வி.

உள்ளூரில் நட்புத் தொடர் நடத்தி தரவரிசை ஏற்றுவதில் தப்பில்லை, குரூப் பிரிக்கும் குலுக்கலில் தரவரிசைப்படி நல்ல பானையில் இடம் கிடைக்க அது உதவும். ஆனால் அந்த ஏற்றத்தைக் கோச்சின் சாதனைப் பட்டியலில் முதல் வரியாக எழுதக் கூடாது.

கடைசிடிஃபெண்டர்

ரெண்டு பேரும் சொன்ன எண் சரிதான். ஆனா ஆளை மட்டும் குற்றம் சொல்றதுக்கு முன்னாடி சிலதைப் பார்க்கணும்.

ஆசியக் கோப்பைக்கு நாலு வாரம் முகாம் கேட்டார். ஐ.எஸ்.எல். டிசம்பர் கடைசி வரைக்கும் ஓடுச்சு, அணி டிசம்பர் 30-ல தோஹா போச்சு, ஜனவரி 13-ல ஆஸ்திரேலியா. ரெண்டு வாரம். அன்வர் அலி, ஜீக்சன் சிங், ஆஷிக் குருனியன் மூணு பேரும் காயம். நாலாவதுநடுவர் சொன்ன அந்த முக்கோணத்துல ஜிங்கன் மட்டும்தான் மிச்சம். சகல் கடைசி ஆட்டத்துலதான் இறங்க முடிஞ்சுது.

மூணு தோல்வியையும் ஒண்ணா மூட்டை கட்டாதீங்க. ஆஸ்திரேலியாவோட இடைவேளை வரைக்கும் 0-0, கீழே இறங்கி நின்னு ஆடினது நல்லாவே வேலை செஞ்சுது. 50-ஆவது நிமிஷம் வலப்பக்கத்து கிராஸை நம்ம கோல்கீப்பர் குர்பிரீத் முழுசாக் குத்தி வெளியேத்தல, பந்து ஆஸ்திரேலியாவோட இர்வைன் காலுக்குப் போச்சு, கோல். அது கோச் தப்பு இல்ல. சிரியா ஆட்டமும் 76-ஆவது நிமிஷம் வரைக்கும் 0-0. கோச் தப்புன்னு நான் எடுத்துக்கிறது நடு ஆட்டம், உஸ்பெகிஸ்தான். 4-ஆவது நிமிஷம், 18-ஆவது நிமிஷம், அப்புறம் இடைவேளைக்கு முந்தின கூடுதல் நேரம்னு முதல் பாதியிலேயே மூணு கோல். ஆஸ்திரேலியாவோட கட்டுக்கோப்பா நின்ன அணியைக் கொஞ்சம் திறந்து ஆட விட்டார், அதைத் தாங்குற மிட்ஃபீல்ட் அன்னைக்கு நம்ம கிட்ட இல்ல.

"ஆசியக் கோப்பையில் முதல் முறையா கோல் இல்லை"ன்னு பரவுறதும் தப்பு. 1984 சிங்கப்பூர்லயும் இந்தியா கோல் அடிக்கல. ஈரானோட 0-0 டிராவால ஒரு புள்ளி மட்டும் வந்துச்சு. முந்தைய கோச் கான்ஸ்டன்டைன் 2019-ல தாய்லாந்தை 4-1 அடிச்சதால அவரை எல்லாரும் உசத்தியாப் பேசுறாங்க. அவரோட 2018 உலகக் கோப்பைத் தகுதி குரூப்ல 8 ஆட்டத்துல 7 தோல்வி, கடைசி இடம். அளவுகோல் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கட்டும்.

ஸ்டிமாக் விட்டுட்டுப் போன நல்லதும் இருக்கு. 2021 மார்ச்ல ஓமனோட 1-1 டிரா பண்ண ஆட்டத்துல ஒரே நாள்ல 10 பேருக்கு அறிமுகம். ஆகாஷ் மிஸ்ரா, அப்புயா, ஜீக்சன், சுரேஷ் எல்லாம் அந்தப் பட்டியல். நாலு நாள் கழிச்சு யு.ஏ.இ. 6-0 அடிச்சப்ப எல்லாரும் திட்டினாங்க, ஆனா 2023 அணியோட முதுகெலும்பு அங்கேதான் உருவாச்சு. நம்ம நந்தகுமார் சேகர் 2023-ல அணிக்குள்ள வந்ததும் இவர் காலத்துலதான்.

மைதானக்கோடு

நன்றி. ஸ்டிரைக்கர் விஷயத்தை இன்னும் யாரும் தொடவில்லையே? நம் முக்கிய ஸ்டிரைக்கர் சுனில் சேத்ரிக்கு மாற்று தேடாததுதான் அவர் செய்த பெரிய தவறு என்பவர்கள் நிறைய.

நாலாவதுநடுவர்

தேடவில்லை என்று சொல்ல முடியாது. மன்வீர், இஷான் பண்டிதா, ரஹீம் அலி, லிஸ்டன் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். கிடைக்கவில்லை. அந்த 11 ஆட்டத்தில் அடித்த 16 கோலில் 8 சேத்ரியுடையது, அப்போது அவருக்கு வயது 38. 2026 தகுதிச் சுற்றின் 6 ஆட்டத்தில் மொத்த அணியும் அடித்தது 3: மன்வீர் ஒன்று, சேத்ரியின் பெனால்டி ஒன்று, சாங்தே ஒன்று. ஐ.எஸ்.எல். கிளப்கள் நடு ஸ்டிரைக்கர் இடத்தில் பெரும்பாலும் வெளிநாட்டு வீரரைத்தான் நிறுத்துகின்றன. நம் பையன்கள் விங்கில் ஒதுங்குகிறார்கள். வருடம் முழுக்கக் கோல்முகத்தில் முதுகைக் காட்டி சென்டர் பேக்கைத் தாங்கி ஆடாதவனை, ஒன்பது நாளில் அந்த வேலைக்கு எந்தக் கோச்சும் தயார் செய்ய முடியாது. வெளிநாட்டில் வளர்ந்த இந்திய வம்சாவளியினரைச் சேர்க்க வழி செய்யுங்கள் என்று அவர் கடைசி வரை கேட்டதும் இதனால்தான். இந்தியக் கடவுச்சீட்டு இல்லாமல் ஆட முடியாது என்ற விதி அதைத் தடுத்தது.

இப்போது உங்கள் மூலக் கேள்வி. "ஸ்டிமாக் காலமே தேவலாம்" என்பதில் ஒரு கண்ணி விட்டுப்போகிறது. 2026 தகுதிச் சுற்றில் குரூப் ஏ-யில் முதல் இரண்டு அணிக்கு உலகக் கோப்பை மூன்றாம் சுற்றும், 2027 ஆசியக் கோப்பைக்கு நேரடி இடமும் கிடைத்தன. கத்தார் 16 புள்ளி, குவைத் 7, நாம் 5. முன்னணி வீரர்கள் பலர் தங்கள் கூட்டமைப்போடு பிணங்கி வராமல் போன ஆப்கானிஸ்தானை கவுஹாத்தியில் வென்றிருந்தால் 8 புள்ளியோடு நேரே போயிருப்போம். 38-ஆவது நிமிடம் சேத்ரி பெனால்டியில் முன்னிலை, 70-ல் சமன், 88-ல் குர்பிரீத் ஃபவுல் செய்ய, பெனால்டியில் தோல்வி. தோஹாவில் கத்தாரோடு நடந்த கடைசி ஆட்டத்தில் கோட்டைத் தாண்டிய பந்தை கத்தாருக்குக் கோலாகக் கொடுத்தது பெரிய அநீதி, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடைசி ஆட்டத்தில் வெற்றி கட்டாயம் என்ற நிலைக்கு நம்மைத் தள்ளியது கவுஹாத்தி.

அன்று மூன்றாம் இடம் வந்ததால்தான் வங்கதேசம், ஹாங்காங், சிங்கப்பூர் அடங்கிய கூடுதல் தகுதிச் சுற்றில் ஆட வேண்டி வந்தது. மார்க்கேஸும் ஜமீலும் சறுக்கியது அங்கே. அவர்கள் பங்கு அவர்களுக்கு உண்டு. ஹாங்காங்கிடம் 0-1, கோவாவின் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 எல்லாம் ஸ்டிமாக் தலையில் ஏறாது. ஆனால் அந்தப் பாதையில் அணியை நிறுத்திவிட்டுப் போனவர் அவர்.

துணைக்கோச்

ஒப்பந்தத்தையும் இதில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் கோச் விட்டுப்போனதில் பண விஷயமும் அடக்கம்.

2023 அக்டோபரில், கோப்பைகளின் சூட்டோடு, இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஸ்டிமாக்குக்கு 2026 வரை நீட்டிப்பு கொடுத்தது. ஆசியக் கோப்பைக்கு மூன்று மாதம் இருந்தது. அந்தத் தொடர் முடியும்வரை காத்திருக்கவில்லை. இலக்கு தவறினால் ஒப்பந்தம் முடியும் என்ற விதியும் அதில் இல்லை. மூன்றாம் சுற்றுக்குக் கொண்டுபோகாவிட்டால் விலகுவேன் என்று 2024 மார்ச்சில் ஸ்டிமாக் வாயால் சொன்னார், அது எழுத்தில் இல்லையே. நீக்கும்போது கூட்டமைப்பு மூன்று மாதச் சம்பளம் தருவதாகச் சொன்னது, அவர் ஏற்கவில்லை, கடைசியில் 4 லட்சம் டாலருக்குப் பேசி முடித்தார்கள். நம் கூட்டமைப்பின் கையிருப்புக்கு இது ஜூனியர் முகாம்கள் பலவற்றின் செலவு. இந்தப் பழியில் பெரும்பங்கை நான் ஒப்பந்தம் வாங்கிய ஸ்டிமாக் மேல் போட மாட்டேன், அதில் கையெழுத்துப் போட்ட கூட்டமைப்பினர் மேல்தான்.

அடுத்து யாரை எடுத்தாலும் மூன்று வரி போதும்: முதல் கட்டம் தகுதிச் சுற்று முடியும் தேதிவரை மட்டும், இலக்கு எட்டினால் நீட்டிப்பு தானாக அமலாகும், தவறினால் மூன்று மாதச் சம்பளத்தோடு கணக்கு முடியும். கூடவே, தொடருக்கு எத்தனை நாள் முகாம் என்பதையும் லீக் அட்டவணை வெளியாகும் முன்பே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். நாலு வாரம் கேட்டு இரண்டு வாரம் கொடுத்தால், தோல்விக்குப் பிறகு அந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். உஸ்பெகிஸ்தானோடு ஆட்டத்தை ஏன் அப்படித் திறந்து விட்டார் என்று கோச்சை யாரும் கேட்க முடியாது.