மாகாணி எத்தனைல ஒண்ணு?

டவுன் அண்ணாச்சி:
நேத்து இங்க ஒருத்தர் எழுதுதாரு, திண்ணைப் பள்ளிக்கூடத்துல நடந்தது கணக்கே இல்லையாம், கிளிப்பிள்ளைப் பாடமாம். எங்க தாத்தா அண்ணாவிகிட்ட, அதான் திண்ணை வாத்தியாருகிட்ட, மணல்ல விரல் தேய எழுதினவரு. களத்துல நின்னுக்கிட்டே மாகாணி விலை சொல்லுவாரு. இப்ப எந்தப் பிள்ளைக்குத் தெரியும், மாகாணின்னா 20ல ஒண்ணுன்னு? ரெண்டாங்கிளாஸ்ல எண்சுவடிய, அந்தப் பழைய வாய்ப்பாட்டுப் புஸ்தகத்த, வைங்கய்யா!

பாளை டீச்சர்:
20ல ஒண்ணு மா, அண்ணாச்சி. மாகாணி 16ல ஒண்ணு.

டவுன் அண்ணாச்சி:
யம்மா, நீங்க பி.எட். படிச்சிருப்பீக. எங்க தாத்தா அண்ணாவிகிட்ட படிச்சவரு.

பாளை டீச்சர்:
பேர்லயே இருக்கு. மா 20ல ஒண்ணு, காணி 80ல ஒண்ணு. மாவுக்குள்ள நாலு காணி, கூட ஒரு காணி. 80ல அஞ்சு. அதுதான் 16ல ஒண்ணு. ரூவாய்க்கு 16 அணா இருந்த வரைக்கும் மாகாணி ரூவான்னா ஒரு அணா. 1957ல நயா பைசா வந்ததும் அந்த வாய்ப்பாட்டுக்குச் சோலி போச்சு. நான் ஒண்ணும் பழிக்கல. கடலைமிட்டாய ரெண்டா, நாலா, எட்டா உடைச்சு அரை, கால், அரைக்கால்னு நானும்தான் சொல்லிக்கொடுக்கேன். மாகாணி வரும்போது மிட்டாய் தூளாயிரும், பிள்ளைய தின்னுரும்.

வள்ளியூரான்:
அது கெடக்கட்டும். அந்தத் திண்ணையில யாரு யாரு உக்காந்தாங்க? எங்க தாத்தா தெருவுல நின்னு கேட்டதுக்கே விரட்டிவிட்டாங்க. கோதண்டத்துல கட்டித் தொங்கவிட்டதையும் சேத்து எழுதும்வே.

டவுன் அண்ணாச்சி:
பேச்ச மாத்தாதீரும்வே! மெட்ராஸ்ல பிள்ளைய மணல்ல எழுதினதப் பாத்துத்தான் ஆண்ட்ரூ பெல் 1797ல புஸ்தகமே போட்டான். வெள்ளக்காரனுக்குத் தெரிஞ்ச அரும உமக்குத் தெரியல.

வள்ளியூரான்:
அந்தப் புஸ்தகத்துல மாகாணி 20ல ஒண்ணுன்னு போட்டிருக்கோ?

மேலப்பாளையத்தான்:
2022லருந்து சர்க்கார் ஸ்கூல்ல சின்னப் பிள்ளையளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’னு ஆட்டம் பாட்டத்தோட நடக்கே, யாரும் பாக்கலியா?

டவுன் அண்ணாச்சி:
நல்லா ஆடுதாங்க! அல்வா கால் கிலோ 90 ரூவா, அரைக்கால் கிலோ என்னடேன்னு ஒம்பதாங்கிளாஸ் பயகிட்ட கேட்டேன். போனைத் தடவுதான்.

பாளை டீச்சர்:
125 கிராம்னு கேட்டிருந்தா 45ன்னு சொல்லியிருப்பான். அவனுக்குக் கணக்குத் தெரியும், உங்க அரைக்கால்தான் தெரியாது.

மேலப்பாளையத்தான்:
கால் கிலோ 90ஆ? எந்தக் கடைல அண்ணாச்சி?

வள்ளியூரான்:
அந்த விலைக்கு அல்வாவா, கோதுமைக் களியா?

டவுன் அண்ணாச்சி:
அல்வாவ விடுங்கவே. மாகாணி 20ல ஒண்ணு. எங்க தாத்தா பொய் சொல்லமாட்டாரு.

பாளை டீச்சர்:
சரி, முந்திரி எத்தனைல ஒண்ணு?

டவுன் அண்ணாச்சி:
முந்திரி அல்வால கெடக்கும், பொறுக்கித் தின்னுங்க.

பாளை டீச்சர்:
320ல ஒண்ணு, அண்ணாச்சி.