ஒத்த கியர் வண்டிக்கு ஓவல் செயின்ரிங்: தேவையா, வெட்டிச் செலவா?

ஒத்தப்பல்:
வணக்கம் மக்களே. 29 இன்ச் ஹார்ட்டெயில் (பின்னாடி சஸ்பென்ஷன் இல்லாத மவுண்டன் பைக்), கியர் மாத்தற வசதி கிடையாது. முன்னாடி 32 பல், பின்னாடி 20. பின் டிராப்அவுட் (பின் அச்சு மாட்டற இடம்) முன்பின் நகர்ற வகை. குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பாதைலதான் ஓட்டறேன். செங்குத்தா ஏறும்போது ஒரு பெடல் நேரா மேல, இன்னொண்ணு நேரா கீழ வர்ற நொடில வண்டி செத்துடுது. முன்னாடி பல்சக்கரத்தை, அதான் செயின்ரிங்கை, வட்டத்துக்குப் பதிலா ஓவலா போட்டா சரியாகும்னு சிலர். செயின் இறுகித் தளர்ந்து கழண்டுடும்னு சிலர். போட்டு ஓட்டறவங்க, போட்டுக் கழட்டினவங்க, ரெண்டு தரப்பும் சொல்லுங்க.

மேட்டுக்காரன்:
யோசிக்காம போடுங்க ஜி. கியர் வண்டிக்காரனுக்கு ஓவல் ஒரு ஆசை, நமக்கு அது தேவை. அவன் மேடு வந்தா சின்ன கியருக்குப் போயிட்டு நிமிஷத்துக்கு 80 சுத்து மிதிப்பான். நாம எழுந்து நின்னு 40, 50 சுத்துல முக்கறோம். அந்த வேகத்துலதான் செத்த இடம் உறைக்கும்.

32 பல் ஓவல்னா, கால் நல்லா அழுத்தற இடத்துல அது 34 மாதிரி நடந்துக்கும். கால் வலுவில்லாம கடக்கற இடத்துல 30 மாதிரி. சராசரி அதே 32தான். 2012ல பிரிட்டிஷ் வீரர் விக்கின்ஸ் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் ஜெயிச்சது வட்டமில்லாத செயின்ரிங்லதான்.

வட்டமே போதும்:
வந்துட்டாரு விக்கின்ஸ்! அவர் போட்டது ஓசிமெட்ரிக்ங்கற பிராண்டு. அது ஓவல்கூட இல்லை, அதோட வடிவமே வேற. ஓட்டினது தார் ரோட்டுல, கியரோட. தேயிலைத் தோட்டத்துக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?

இந்தக் கதை புதுசும் இல்லை. 1890கள்லயே நீள்வட்டப் பல்சக்கரம் வந்து போயிடுச்சு. 1983ல ஷிமானோ கம்பெனிக்காரன் பயோபேஸ்னு வட்டமில்லாத ரிங் ஒண்ணைக் கொண்டுவந்தான். அன்னிக்கு நிறைய மவுண்டன் பைக்ல அதைத்தான் மாட்டி வித்தாங்க. பத்து வருஷத்துல அவனே மூட்டை கட்டிட்டான். இப்ப அதே சரக்குக்குப் புது அட்டைப்பெட்டி.

மேட்டுக்காரன்:
பயோபேஸை இழுக்காம இந்த விவாதம் எங்கயும் முடிஞ்சதில்லை! அண்ணா, அது கிட்டத்தட்ட தலைகீழ். கால் அழுத்தற இடத்துல பயோபேஸ் சின்னதா இருக்கும், செத்த இடத்துல பெருசா இருக்கும். வேகமா மிதிக்கறவனோட கால் உந்துதலை நம்பிப் போட்ட கணக்கு அது. இப்ப வர்ற ஓவல்ல கிராங்க் (பெடல் மாட்டற தண்டு) படுக்கை நிலையைச் சற்றுத் தாண்டும்போதுதான் பெரிய பக்கம் வேலைக்கு வரும். பயோபேஸ் தோத்ததை வெச்சு இதைத் தள்ளிவிட முடியாது.

வட்டமே போதும்:
சரி, தலைகீழாவே இருக்கட்டும். கணக்கைப் பாப்போம். 175 மி.மீ. கிராங்க், 32 பல் வட்டம். கிராங்க் படுக்கையா இருக்கும்போது 60 கிலோ அழுத்தினா செயின்ல ஏறக்குறைய 162 கிலோ இழுவை. ஓவல்ல அது 153. செத்த இடத்துல கால் தர்றது 10 கிலோதான்னு வெச்சுக்கங்க. வட்டத்துல 27, ஓவல்ல 29. அந்த ரெண்டு கிலோவுக்கா இவ்வளவு பேச்சு?

மேட்டுக்காரன்:
ரெண்டு கிலோவை மட்டும் எடுத்துக்காட்டி 162ல இருந்து 153க்கு இறங்கினதைத் தாண்டிப் போறீங்களே. பின் டயர் வழுக்கறது உச்ச இழுவைலதான். உச்சம் குறைஞ்சு பள்ளம் மேல வந்தா டயர் மண்ணை விடாது. அதோட செத்த இடத்தைக் கால் சீக்கிரமாவும் கடந்துடுது.

வட்டமே போதும்:
கடைசி வரியை ஒத்துக்க மாட்டேன். ஆரம் சின்னதானா இழுவை கூடுது, கிராங்கும் அதே அளவுக்கு வேகமா சுத்துது. ரெண்டும் ஒரே 6 சதவீதம். அதையே ரெண்டு தடவை எண்ணிட்டு ரெட்டை லாபம்னு சொல்றீங்க. டயர் பிடிப்பு விஷயம் வேற, அது நியாயம். ஆனா காத்தைக் கொஞ்சம் இறக்கினா அந்தப் பிடிப்பு சல்லிக்காசு செலவில்லாம கிடைக்குமே.

டொன்வலி:
ரொறொன்ரோவில இருந்து எழுதுறன். டொன் பள்ளத்தாக்கில, குறொதேர்ஸ் வூட்ஸ் பக்கம்தான் ஓடுறது. ஒத்தைக் கியர், ஓவல். மேட்டுக்காரன் சொல்லுற பிடிப்புக் கதை உண்மை. மழை விட்ட கையோட ஈர வேருக்கு மேல ஏறேக்கை வட்டத்தில சில்லு பட்டெண்டு வழுக்கும், ஓவலில அது குறைவு. காத்தை இறக்கினால் சரியெண்டு வட்டமே போதும் சொல்லுறார். எல்லாரும் ஏற்கெனவே இறக்கிற அளவுக்கு இறக்கித்தானே ஓடுறம்? அதுக்குக் கீழ போனால் ரிம் கல்லில அடிபடும்.

ஆனா தட்டையான இடத்தில கெதியா மிதிச்சால் முதலில ஒரு துள்ளல் இருக்கும். பழகிப்போகும். பழகாத ஆக்களும் இருக்கினம், அதையும் சொல்லவேணும்.

கிரீஸ் கை:
கேட்டவர் செயின் பத்திக் கேட்டார், அதை யாருமே தொடலை. நான் கடைல கை கருக்கறவன், நான் சொல்றேன்.

ஓவலோட எதிரெதிர் பக்கம் ரெண்டும் ஒரே அளவு. எந்த நிலைல நிறுத்தினாலும் செயின் சுத்தியிருக்கறது பாதிப் பல்லைத்தான். மாறறது, மேல்செயினும் கீழ்செயினும் பின்பக்கம் சாயற கோணம் மட்டும். 32க்கு 20, கிராங்க் அச்சுல இருந்து பின் அச்சுத் தூரம் 430 மி.மீ.ன்னு வெச்சுப் போட்டா, இறுக்கமான நிலைக்கும் தளர்வான நிலைக்கும் செயின் நீளத்துல வித்தியாசம் 1 மி.மீ.கூட வராது. 0.9 சொச்சம்.

அவ்வளவுதானான்னு சிரிக்காதீங்க. அந்த 0.9 கீழ்செயின்ல 14 மி.மீ. தொய்வாத் தெரியும். பாத்ததும் பயந்துபோய் அந்தத் தளர்ந்த நிலைலயே செயினை முறுக்கிடறாங்க. பெடலைக் கால்வாசி சுத்து திருப்பினதும் செயின் கம்பி மாதிரி விறைச்சு, பேரிங் முனகும். முதல்ல கிராங்கை மெதுவா சுத்தி எங்க ரொம்ப இறுக்கம்னு பாருங்க. பெரும்பாலும் கிராங்க் படுக்கையா இருக்கற இடத்துலதான் வரும். அங்க லேசா ஆட்டம் விட்டு முடுக்குங்க. மத்த இடத்துல தொங்கினா தொங்கட்டும். ஒரு பல் தடிப்பு, ஒரு பல் மெலிசுன்னு வர்ற ரிங்கா வாங்குங்க, செயின் நேரா ஓடுதான்னு பாத்துக்கங்க, கழலாது. அமெரிக்க சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் ஃபிக்ஸ்டு கியர்லயே (சக்கரம் சுத்தினா பெடலும் கூடவே சுத்தற வண்டி) பயோபேஸ் மாட்டி ஓட்டினவர். செயின் இறுக்கம் அவ்வளவா மாறலைன்னுதான் அவரும் எழுதி வெச்சிருக்கார்.

வட்டமே போதும்:
கிரீஸ் கை சொன்னா அப்பீல் இல்லை. செயின் கழலும்ங்கற வாதத்தை நானும் வெக்கலையே. என் கேள்வி வேற. ஒத்த கியருக்கு வந்ததே சிக்கலைக் குறைக்கத்தான். ஒத்த கியர் உலகப் போட்டில ஜெயிச்சவனுக்குப் பரிசு பணமில்லை, பச்சை குத்திவிடறாங்க. அப்படிப்பட்ட கூட்டத்துக்கு 6 சதவீதக் கணக்கு எதுக்கு?

மலைக்காத்து:
6 சதவீதக் கணக்கை ஆரம்பிச்சதே நீங்கதான் அண்ணா :)

நானும் ஓவல்தான். மேட்டுக்காரன் பக்கம்தான். ஆனா எங்க ஆளுங்க அடிக்கற ரெண்டு புளுகை நிறுத்தினா நல்லது. ஒண்ணு, முட்டி வலி போயிடும்ங்கறது. சீட்டு உயரமும் கியரும் தப்பா இருந்தா எந்த ரிங் போட்டாலும் முட்டி வலிக்கும். இன்னொண்ணு, பவர் மீட்டர்ல (மிதிக்கற வலுவை அளக்கற கருவி) பவர் கூடுச்சுன்னு படம் போடறது. பல மீட்டர் ஒரு முழுச் சுத்தும் ஒரே வேகத்துல நடக்குதுன்னு வெச்சுக் கணக்குப் போடுது. ஓவல்ல வேகம் ஒரே சுத்துக்குள்ள மாறுது, அதனால எண் ஊதிக் காட்டும். கால் மாறலை, கருவிதான் ஏமாறுது. ஆய்வகத்துல சோதிச்சவங்களும் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. மெதுவா, நின்னுக்கிட்டு, சறுக்கற மண்ல ஏறும்போது மட்டும்தான் நான் இதுக்கு ஜாமீன் நிப்பேன்.

வட்டமே போதும்:
இப்படி அளந்து பேசினா சண்டையே வராது தாயி. அப்ப ஒத்தப்பல்லுக்கு என் யோசனை: பின்னாடி 20ஐ 22 ஆக்குங்க. 1.6 விகிதம் 1.45 ஆகும். ஓவலை விட மலிவு. பின் அச்சு 6 மி.மீ. முன்னால நகரும், அவ்வளவுதான். செயினைக்கூட வெட்ட வேண்டாம்.

மேட்டுக்காரன்:
22 போட்டுட்டுத் தோட்டத்துல இருந்து மெயின் ரோட்டுக்கு வந்தா கால் காத்துல சுத்தும். மேட்டுல மிச்சம் பிடிச்சதைத் தட்டைல தொலைக்கணும். ஓவல்ல சராசரி மாறாது, அதுதான் விஷயம்.

வட்டமே போதும்:
மெயின் ரோட்டுல மெதுவாப் போங்களேன், எந்த ஊர் கலெக்டர் காத்திருக்கார்?

ஒத்தப்பல்:
எல்லாருக்கும் நன்றி. ரோட்டுத் தூரம் எனக்குக் கம்மிதான். கிரீஸ் கை அண்ணே, ஓவலே வாங்கறதா இருந்தா 32 வாங்கறதா, 34 வாங்கறதா? ஓவல்ல ரெண்டு பல் கூட்டிக்கணும்னு கடைல சொல்றாங்க.

கிரீஸ் கை:
கூட்டிக்கலாம், மேடு உங்களுக்குப் பிரச்சினை இல்லைன்னா. நீங்க மேட்டுல செத்துடுதுன்னு வந்தவர். 32லயே நில்லுங்க. முதல்ல அந்த 22ஐப் போட்டு ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்க. ரெண்டு பேர் வாதமும் அப்பத்தான் உங்க கால்லயே தெரியும். ரிங் போல்ட்டை முறுக்கறப்ப கிரீஸ் வைக்க மறக்காதீங்க, காஞ்சு கிடந்தா கிறீச்சுங்கும்.