துப்பறியும் தையல்கடை அக்காவுக்குத் தடயம் எப்படிக் கிடைக்கும்?

நிலாமுற்றம்: மர்மக் குறுநாவல் எழுதுகிறேன். துப்பறிபவர் 52 வயதுத் தையல்கடை அக்கா, போலீஸில் யாரையும் தெரியாது. இறந்தவர் உடலில் இருந்த காயங்கள் அவருக்கு எப்படித் தெரியவரும்? வாசகர்கள் குற்றவாளியைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள், அதற்கு என்ன செய்யலாம்?

வழக்குக்கட்டு: அவரையே பஞ்சாயத்தார் (போலீஸ் உடலைப் பார்வையிடும்போது சாட்சியாக இருப்பவர்) ஆக்கிவிடுங்கள். சந்தேக மரணம் என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 194ஆம் பிரிவின்படி (பழைய சட்டமான சிஆர்பிசியில் 174) அக்கம்பக்கத்தார் இரண்டு பேராவது இருக்க, போலீஸ் உடலைப் பார்வையிட்டுக் காயங்களை எழுத வேண்டும். கையெழுத்துப் போடுபவர் அத்தனையும் பார்ப்பார். ஆனால் உள்ளுறுப்பு ரசாயன அறிக்கை வர நாளாகும். மறுநாள் காலையே விஷத்தின் பெயர் தெரிந்துவிட்டால் கதை அங்கேயே உடையும்.

மணிமேகலை: முதலில் குற்றம் நடந்த நாளை மணிவாரியாகத் தனித்தாளில் எழுதுங்க. குற்றவாளி கதையின் முதல் கால்பகுதிக்குள் வரணும், அவருக்கு அங்கே நியாயமான வேலையும் இருக்கணும். வேலையே இல்லாமல் சுற்றுபவரைத்தான் வாசகர் உடனே பிடிக்கிறார். முக்கியத் தடயத்தைப் பட்டியலின் நடுவில் வையுங்க: கத்தரி, பிரித்துத் தைத்த ஓரம், பொத்தான் டப்பா. பிரித்த ஓரத்தில் பழைய ஊசித்துளை வரிசை தெரியும். அதைத் தையல்காரர் மட்டுமே கவனிப்பார், அவர் துப்பறிய அதுவே காரணம்.

வழக்குக்கட்டு: இன்னொன்று. இறந்தபின் வரும் உடல் விறைப்பு நம்ம ஊர் வெயிலில் சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும். அதை வைத்து "9.20க்குச் செத்தார்" என்று எழுதாதீர்கள். எடுக்காத பால் பாக்கெட், போடாத கோலம் போதும்.