80 ஆயிரத்தில் எடிட்டிங் சிஸ்டம்: பழைய டிடிஆர்4 ரேமை வைத்துக்கொள்வதா, விடுவதா?

கேமரா_மதுரை:
கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். கேமரா சோனி ஏ7 மார்க் 4. எடுப்பது 4கே, 10 பிட், 4:2:2 (நிற விவரம் அதிகமாகப் பதிவாகும் முறை), எச்.265 (வீடியோவை நன்றாகச் சுருக்கும் முறை). எடிட்டிங் சாப்ட்வேரான பிரீமியர் புரோவில் டைம்லைனை நகர்த்தினாலே படம் திக்கித் திணறுகிறது. இப்போது இருப்பது இன்டெல் ஐ3 10100 ப்ராசஸர், 16 ஜிபி டிடிஆர்4 ரேம் (8+8). கிராபிக்ஸ் கார்டு கிடையாது, மானிட்டர் இருக்கிறது. ராத்திரியில் கொஞ்சம் கேமும் உண்டு. கையில் 80 ஆயிரம். மொத்தமாக மாற்றிவிடலாமா?

ஏஎம்5 தாசன்:
மாற்றுங்கள். ஏஎம்டியின் ரைசன் 5 7600 ப்ராசஸர், அதற்கான ஏஎம்5 சாக்கெட் உள்ள பி650 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம் (டிடிஆர்4 இதில் பொருந்தாது). இதற்கு முந்தைய ஏஎம்4 சாக்கெட்டை (ப்ராசஸரை மாட்டும் இடம்) எடுத்துக்கொள்ளுங்கள்: 2017இல் போர்டு வாங்கியவர்களில் பலர் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) மட்டும் புதுப்பித்து, 2022இல் வந்த 5800எக்ஸ்3டி ப்ராசஸரை அதிலேயே மாட்டினார்கள். ஏஎம்5க்கும் 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது.

பழையசோறு:
தாசன், ரேம் விலையைக் கடைசியாக எப்போது விசாரித்தீர்கள்? மெமரி சிப்பையெல்லாம் ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலேயே விலை எகிறிவிட்டது. குரூஷியல் என்ற தன் ரேம் பிராண்டின் சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. இப்போது போய் நல்ல 16 ஜிபியை ஓரம்கட்டச் சொல்கிறீர்களே!

இன்டெல் ஐ5 12400 ப்ராசஸர், டிடிஆர்4 போடக்கூடிய பி760 போர்டு. இதுதான் என் யோசனை. கடையில் 12400எஃப் தரப் பார்ப்பார்கள், வேண்டாம். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, குவிக் சிங்கும் (வீடியோவைக் கையாளும் இன்டெல்லின் தனிப் பகுதி) போச்சு. உங்கள் 4:2:2 கோப்பைச் சிரமமில்லாமல் ஓட்டுவது அந்தக் குவிக் சிங்தான். 7600க்குள் இருக்கும் கிராபிக்ஸால் அது ஆகாது.

ஏஎம்5 தாசன்:
2024இல் இன்டெல் ப்ராசஸர்கள் கிராஷ் ஆகி, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது மறந்துபோச்சா?

பழையசோறு:
அது 13, 14ஆம் தலைமுறை. 12400க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஏஎம்5 தாசன்:
சரி, அதை விடுங்கள். 4கே எடிட்டிங்குக்கு 16 ஜிபி எந்த மூலைக்கு? இன்னொரு 16 வாங்கியே தீர வேண்டும். தயாரிப்பாளர்களே கைகழுவிவரும் டிடிஆர்4இல், அதுவும் இந்த விலையில். அப்புறம் என்ன மிச்சம்?

நொய்யல்:
இரண்டு பேரும் ப்ராசஸரைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். அவருக்கு வந்திருக்கும் சிக்கல் டீகோடிங், அதாவது சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் வேலை. 10100இன் உள் கிராபிக்ஸ் நிற விவரம் குறைந்த 4:2:0 வரைதான் தாங்கும். 4:2:2 வந்தால் முழுச் சுமையும் நாலு கோர் தலையில். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கிராபிக்ஸ் கார்டு இந்த வேலையைத் தானே செய்யும். 40 வரிசைக்கு அது தெரியாது, ஆஃபரில் கிடைக்கிறது என்று 4060 வாங்கிவிடாதீர்கள்.

என் கணக்கு இது: 5060 டிஐ 16 ஜிபி கார்டு ஒன்றை மட்டும் வாங்கி இதே சிஸ்டத்தில் போடுங்கள், பிரீமியரையும் அப்டேட் செய்யுங்கள். போதவில்லை என்றால் மற்றதை அப்புறம் மாற்றலாம், கார்டு எங்கும் போகாது. அதற்கும் முன்னால், ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் சின்ன நகல் கோப்பு) போட்டுப் பார்த்தீர்களா? காலணா செலவில்லை.

ஏஎம்5 தாசன்:
ஐ3இல் 5060 டிஐ! கேமில் ப்ராசஸர் பின்னால் பிடித்து இழுக்கும். போதாததற்குப் போர்டில் கார்டு மாட்டும் பிசிஐஇ ஸ்லாட் பழைய 3.0, கார்டுக்கு 8 லேன் (டேட்டா போகும் பாதை)தான்.

நொய்யல்:
இழுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லேன் குறைவு பெரிதாகக் கடிப்பது கார்டின் மெமரி நிரம்பி வழியும்போது. அதனால்தான் 8 ஜிபியை விட்டு 16 சொன்னேன். அவருக்குச் சோறு போடுவது கேம் இல்லையே.

கேமரா_மதுரை:
ப்ராக்ஸி போட்டால் உருவாக்கவே விடிந்துவிடுகிறது. பெண் வீட்டார் மறுநாளே ஹைலைட்ஸ் கேட்கிறார்கள். கார்டையே முதலில் வாங்குகிறேன். ஒரு சந்தேகம். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) கேபினட்டோடு வந்தது, 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கிறது. கார்டுக்குக் கரண்ட் தரும் 8 பின் வயர் இல்லை. மோலெக்ஸ் (பழைய 4 பின் வயர்) கன்வர்ட்டர் போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர்.

பழையசோறு:
தம்பி, அதை மட்டும் செய்யாதீர்கள். இந்தக் கார்டு 180 வாட் வரை இழுக்கும். ஸ்லாட்டிலிருந்து 75தான் வரும், மீதி முழுக்க அந்த வயரில். கேபினட்டோடு இலவசமாக வந்த 450ஐ நம்பி அந்தச் சுமையை ஏற்றுவதா? பெயருள்ள கம்பெனியில் 80 பிளஸ் பிராண்ஸ் (Bronze) தரச் சான்றுள்ள 650 வாட் வாங்கிவிடுங்கள்; நாளைக்கு 12400க்கும் அதுவே ஆகும். யூபிஎஸ் என்ன வைத்திருக்கிறீர்கள்? 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் தாங்குமா என்று பாருங்கள்.

ஏஎம்5 தாசன்:
எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் சோறு சொல்வது சரி. "நாளைக்கு 12400" என்று நடுவில் நுழைத்ததைத்தான் ஏற்க மாட்டேன். மிச்சப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள், ரேம் விலை இறங்கட்டும்.

பழையசோறு:
இறங்கும், இறங்கும். காத்திருங்கள்.