1951 டான்ஸ் அணியை பவுல் போட்டிக்கு அழைக்காதது ஏன்?

கிழக்குவாசல்:
சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி டான்ஸ். 1951 சீசனில் ஆடிய 9 ஆட்டத்திலும் ஜெயித்தும், சிறந்த கல்லூரி அணிகளை அழைத்துப் புத்தாண்டில் நடத்தும் பவுல் போட்டி எதற்கும் அழைப்பு வரவில்லை. நிறவெறி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. ஜெயித்தது யாரை? சான் ஹோசே ஸ்டேட்டை இரண்டு தடவை. அப்புறம் கேம்ப் பெண்டில்டன், சான் டியேகோ கடற்படை என இரண்டு படைமுகாம் அணிகள். ஏ.பி. செய்தி நிறுவனம் வெளியிடும் தேசியத் தரவரிசையில் 14ஆம் இடம்தான்.

தென்றல்72:
ஆலி மேட்சன், பர்ல் டோலர் என்ற இரண்டு கறுப்பின வீரர்களை விட்டுவிட்டு வந்தால் நிறப்பாகுபாடு நிலவிய தென் மாநிலங்களில் நடக்கும் பவுல் போட்டியில் இடம் உண்டு என்று பேச்சு வந்ததாக அணியில் ஆடியவர்களே பின்னாளில் சொன்னார்கள். மொத்த அணியும் முடியாது என்றது. லாயக்கில்லாத அணியிடம் எவனாவது இப்படிப் பேரம் பேசுவானா?

நியூயார்க்கில் ஃபோர்டமுடன் ஆடிய ஆட்டத்தை எடுங்கள். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துக்கொண்டு மேட்சன் கிட்டத்தட்ட மைதானம் முழுக்க எதிரணி எல்லைக்கோடு வரை ஓடி டச்டவுன் போட்டார், அதுவும் ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை! 32-26 என்று ஜெயித்தார்கள். அந்த சீசனில் 1,566 கஜம் ஓடி நாட்டிலேயே முதலிடம் அவருக்குத்தான்.

கிழக்குவாசல்:
மேட்சன் திறமையை யார் மறுத்தார்கள்? 1948 காட்டன் பவுலில் வடக்கிலிருந்து வந்த பென் ஸ்டேட் அணி இரண்டு கறுப்பின வீரர்களோடு தெற்கே டல்லாஸில் ஆடி 13-13 என்று சமன் செய்ததே. தெற்கே கதவு அடைத்தே கிடந்தது என்பது சரியில்லை.

தென்றல்72:
திறந்த லட்சணத்தையும் சொல்லுங்கள். நகரத்து ஓட்டலில் கறுப்பின வீரர்களுக்கு இடமில்லை என்பதால் பென் ஸ்டேட் அணி ஊருக்கு வெளியே கடற்படை விமானத் தளத்தில் தங்கியது.

மைதானத்தான்:
நடுவில் ஒன்று. அந்த அணியில் மேட்சன், ஜீனோ மார்கெட்டி, பாப் செயின்ட் கிளேர் மூவரும் பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது புகழ்பெற்ற வீரர்களின் பட்டியலில், இடம்பிடித்தார்கள். டோலர் முழங்கால் அடிபட்டு ஆட முடியாமல் போனவர். 1965இல் தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லின் முதல் கறுப்பின நடுவரானார். இதையா சாதாரண அணி என்கிறீர்கள்?

கிழக்குவாசல்:
அதெல்லாம் பின்னால் தெரிந்தது. 1951 நவம்பரில் தேர்வுசெய்தவர்களுக்கு ஜோசியமா தெரியும்?

தென்றல்72:
ஜோசியம் எதற்கு? டான்ஸ் அந்த சீசனில் பசிபிக் கல்லூரியை 47-14 என்று நொறுக்கியது. தோற்ற பசிபிக்குக்கு சன் பவுல் அழைப்பு போனது. எளிய அணிகளைத்தான் ஜெயித்தார்கள் என்ற உங்கள் வாதம் அங்கேயே விழுந்துவிட்டது.

கிழக்குவாசல்:
சன் பவுல் சின்னப் போட்டி. பெரிய போட்டிக்காரர்கள் பார்ப்பது டிக்கெட் விற்பனையை. டான்ஸோ சின்ன யேசுசபைக் கல்லூரியின் அணி. அந்த சீசனோடு நஷ்டம் தாங்காமல் கல்லூரி கால்பந்தையே நிறுத்திவிட்டது. ஆரஞ்சு பவுல் நடக்கும் மியாமி வரை ரசிகர்களை எப்படிக் கூட்டிப்போவார்கள்?

தென்றல்72:
ரசிகர்கள்தான் பிரச்சினை என்றால், அந்த இருவரை மட்டும் வீட்டில் விட்டுவரச் சொல்வானேன்? அவர்களை விட்டுவிட்டால் டிக்கெட் கூடுதலாக விற்கும் என்று போட்ட கணக்கைத்தான் நான் நிறவெறி என்கிறேன்.